கிடப்பில் போட்ட மனு, தள்ளுபடியான நியாயம்: நிறுவனக் கலைப்பு வழக்குகளில் தாமதத்தின் விலையைத் தருவது யார்?

ஓர் ஆலை மூடப்படுகிறது. பல மாதக் கூலி பாக்கி. வருங்கால வைப்பு நிதிக்கெனச் சம்பளத்தில் பிடித்த தொகை கட்டப்படவே இல்லை. ஆலைக்கு மூலப்பொருள் கொடுத்த ஒரு வணிகர், தமக்கு வர வேண்டிய பணத்திற்காக நிறுவனத்தைக் கலைக்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்கிறார். வழக்கு நடப்பதால் நமக்கும் ஏதாவது கிடைக்கும் என்று தொழிலாளர்கள் காத்திருக்கிறார்கள். ஆண்டுகள் உருள்கின்றன. ஒருநாள் 'மனுதாரர் வழக்கை நடத்தவில்லை' என்ற ஒற்றை வரியோடு மனு தள்ளுபடியாகிறது. வணிகர் வெளியில் சமரசம் பேசித் தம் பங்கைப் பெற்றுவிட்டார். தொழிலாளர்களுக்கு அந்தத் தள்ளுபடிச் செய்திகூட வந்து சேர்வதில்லை.

இது கற்பனையான எடுத்துக்காட்டுதான். ஆனால் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் எவருக்கும் இதன் ஒவ்வொரு கட்டமும் பழக்கமானது. இங்கே நேர்வது இரட்டை அநீதி. முதலில் தாமதம் தொழிலாளரை வதைக்கிறது. பிறகு அந்தத் தாமதத்தையே காரணமாகக் காட்டி வழக்கும் முடிக்கப்படுகிறது. இதன் சட்டப் பின்னணி என்ன, தாமதத்தால் யார் ஆதாயம் அடைகிறார்கள், உழைக்கும் தலித் மக்களுக்கு இதில் என்ன இழப்பு, எதைச் செய்தால் அதைத் தடுக்கலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

கலைப்பு மனு ஏன் தனி வகை?

கடனை வசூலிக்கத் தொடுக்கும் சாதாரண உரிமையியல் வழக்கு இருவருக்கு இடையிலானது. நிறுவனக் கலைப்பு மனு அப்படியன்று. 1956ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிறுவனத்தைக் கலைக்க உயர் நீதிமன்றத்திற்கு 433ஆம் பிரிவில் அதிகாரம் அளித்தது. மனுவைத் தொடுப்பவர் ஒருவராக இருக்கலாம். ஆனால் கலைப்பு ஆணை பிறந்துவிட்டால் அதன் பயன் கடன் கொடுத்த அனைவரையும் சேரும். சொத்துக்கள் ஒன்றாகத் திரட்டப்பட்டு, சட்டம் வகுத்த வரிசைப்படி பகிர்ந்தளிக்கப்படும்.

இன்னொரு தனித்தன்மையும் உண்டு. கலைப்பு ஆணை எந்த நாளில் பிறந்தாலும், மனு தாக்கல் செய்யப்பட்ட நாளிலிருந்தே கலைப்பு தொடங்கியதாக அச்சட்டத்தின் 441ஆம் பிரிவு கருதியது. இடைப்பட்ட காலத்தில் நிறுவனம் செய்த சொத்து விற்பனைகள், நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிட்டாலன்றிச் செல்லாதவை என்றது 536ஆம் பிரிவு. ஆகவே ஒரு மனு நிலுவையில் இருக்கும் வரை வங்கிகள் கடன் தரத் தயங்கும். வாங்குவோரும் விற்போரும் விலகுவர். பத்தாண்டுகள் தொங்கும் மனு, நல்ல நிலையில் உள்ள ஒரு நிறுவனத்தையும் நோயாளி ஆக்கிவிடும். கலைப்பு மனுக்களை விரைந்து முடிக்க வேண்டும், நடத்தாமல் கிடப்பில் போடுபவரின் மனுவை நீக்க வேண்டும் என்ற கொள்கையின் வேர் இதுவே.

இக்கொள்கையில் நியாயம் இல்லாமல் இல்லை. இயங்கிக்கொண்டிருக்கும் ஆலையின் தொழிலாளர்களுக்கும், தம் நிறுவனத்தின் தலைக்கு மேல் தொங்கும் பழைய மனு நீங்குவதே நன்மை. எனவே 'தாமதத்திற்காகத் தள்ளுபடி' என்பதை மொத்தமாக எதிர்ப்பது நம் நிலைப்பாடாக இருக்க முடியாது. யாருடைய மனு, யாரால் தாமதம், யாருக்கு இழப்பு என்ற மூன்று வினாக்களையும் ஒவ்வொரு வழக்கிலும் எழுப்புவதே நம் கடமை.

ஆங்கிலச் சட்டம் வகுத்த அளவுகோல்

தாமதத்திற்காக வழக்கை நீக்கும் கோட்பாடு இங்கிலாந்தில்தான் தெளிவான வடிவம் பெற்றது. 1968இல் ஆலன் எதிர் மக்ஆல்பைன் வழக்கில் அந்நாட்டின் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 1977இல் பிர்க்கெட் எதிர் ஜேம்ஸ் வழக்கில் பிரபுக்கள் சபையும் இதற்கு விதி வகுத்தன. அதன்படி இரண்டு சூழல்களில் வழக்கை நீக்கலாம். ஒன்று, நீதிமன்ற ஆணையை வழக்கு தொடுத்தவர் வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும். மற்றொன்று, அளவு கடந்த, மன்னிக்கத்தகாத தாமதம் அவராலோ அவருடைய வழக்குரைஞராலோ நேர்ந்திருக்க வேண்டும். அதனால் நேர்மையான விசாரணை நடக்க முடியாத ஆபத்து எழுந்திருக்க வேண்டும், அல்லது எதிர்த்தரப்புக்குக் கடும் பாதிப்பு விளைந்திருக்க வேண்டும். வெறும் தாமதம் மட்டும் போதாது என்பது இதன் சாரம். காலவரையறைக்குள் புதிய வழக்குத் தொடுக்க இன்னும் இடமிருந்தால், பழையதை நீக்குவதில் பொதுவாகப் பயனில்லை என்றும் அத்தீர்ப்பு கூறியது.

1997இல் குரோவிட் எதிர் டாக்டர் வழக்கில் பிரபுக்கள் சபை மேலும் ஓரடி சென்றது. முடிவுக்குக் கொண்டுவரும் எண்ணமே இல்லாமல் வழக்கைத் தொடுத்து வைத்திருப்பது நீதிமன்ற நடைமுறையைத் துர்ப்பயன்படுத்துவதாகும். அந்நிலையில் எதிர்த்தரப்பின் பாதிப்பைத் தனியே மெய்ப்பிக்கத் தேவையில்லை என்றது. மிரட்டுவதற்காகக் கலைப்பு மனுவைத் தொடுத்துவிட்டு உறங்குபவர்களுக்கு இந்த அளவுகோல் மிகவும் பொருந்தும்.

நம் உச்ச நீதிமன்றமும் அந்த மிரட்டலைக் கண்டித்துள்ளது. சென்னையிலிருந்து சென்ற அமால்கமேட்டட் கமர்ஷியல் டிரேடர்ஸ் வழக்கில், நேர்மையாக மறுக்கப்படும் கடனை வசூலிக்கக் கலைப்பு மனுவை ஒரு நெருக்குதல் கருவியாக ஆக்கக் கூடாது என 1965இல் தீர்ப்பளித்தது.

இந்திய விதியில் ஒளிந்திருந்த காப்பு

இந்தியாவில் உயர் நீதிமன்றங்கள் கலைப்பு மனுக்களை 1959ஆம் ஆண்டின் நிறுவனங்கள் (நீதிமன்ற) விதிகளின்படி விசாரித்தன. மனுதாரர் வராவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். ஆனால் அந்த விதிகளில் 101ஆம் விதி ஒரு முக்கியமான காப்பை வைத்திருந்தது. மனுதாரர் உரிய காலத்தில் விளம்பரம் செய்யத் தவறினாலோ, மனுவைத் திரும்பப் பெற இசைந்தாலோ, விசாரணை நாளில் வராவிட்டாலோ, மனுத் தொடுக்கும் உரிமையுள்ள வேறொரு கடன் கொடுத்தவரை அவருடைய இடத்தில் மனுதாரராக நீதிமன்றம் அமர்த்தலாம் என்றது அவ்விதி. மனு ஒருவருடைய தனிச் சொத்தன்று, அனைவருக்குமான வழி என்ற கருத்து இதில் அடங்கியுள்ளது.

விதி இருந்தும், அதைப் பயன்படுத்த ஒருவர் அந்த நாளில் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். வங்கிக்கு வழக்குரைஞர் உண்டு, பெருவணிகருக்கும் உண்டு. ஆலை மூடியபின் ஊர் ஊராகக் கூலி வேலை தேடிப் போனவருக்கு, வழக்கு எந்த நாளில் வருகிறது என்ற செய்தியே எட்டாது.

கோயம்புத்தூர் தொழிலாளர்கள் பெற்றுத் தந்த உரிமை

ஒரு காலத்தில் அந்த நீதிமன்ற வாசலே தொழிலாளருக்கு அடைக்கப்பட்டிருந்தது. நிறுவனம் என்பது பங்குதாரர்களுக்கும் கடன் கொடுத்தோருக்கும் இடையிலான விவகாரம், அதில் உழைப்பவருக்கு என்ன வேலை என்பதே வாதம். அதை உடைத்தது தேசியப் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கம் எதிர் பி.ஆர். ராமகிருஷ்ணன் வழக்கு. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் கலைப்பு வழக்கில் தங்களையும் கேட்க வேண்டும் எனத் தொழிற்சங்கங்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 1982 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில், கலைப்பு மனுவில் தொழிலாளர்கள் தோன்றி ஆதரிக்கவோ எதிர்க்கவோ உரிமையுடையவர்கள் எனத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பு அரசமைப்புச் சட்டத்தின் 43-ஏ பிரிவைச் சுட்டிக்காட்டியது. மூலதனம் போட்டவர்போலவே உழைப்பைப் போட்டவருக்கும் நிறுவனத்தின் உயிரிலும் சாவிலும் பங்குண்டு என்பதே அதன் உட்பொருள்.

தொடர்ந்து 1985இல் சட்டம் திருத்தப்பட்டு 529-ஏ பிரிவு சேர்ந்தது. அதுவரை பிணையம் பெற்ற வங்கிகள் முதலில் எடுத்துக்கொள்ள, மிஞ்சியதற்காகத் தொழிலாளர் காத்திருந்தனர். இத்திருத்தம் தொழிலாளரின் நிலுவையைப் பிணையம் பெற்ற கடனுக்குச் சமமான தட்டில் வைத்தது.

ஒரே வீச்சில் அற்றுப்போன வழக்குகள்

2016இல் நொடிப்பு மற்றும் திவால் சட்டம் வந்தது. கூடவே இரண்டு பெரிய நீக்கங்கள் நடந்தன. எந்த நீதிபதியும் எந்த வழக்கின் தாமதத்தையும் எடைபோட்டுச் செய்தவை அல்ல அவை.

முதலாவது, நலிந்த தொழில் நிறுவனங்களுக்கான 1985ஆம் ஆண்டுச் சட்டம் 2016 டிசம்பர் 1 முதல் நீக்கப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் வாரியத்தில் நிலுவையிலிருந்த நடவடிக்கைகள் அனைத்தும் அற்றுப்போயின. நிறுவனம் விரும்பினால் 180 நாட்களுக்குள் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்றது சட்டம். கவனியுங்கள்: அந்த வாய்ப்பு நிறுவனத்திற்கு அளிக்கப்பட்டது.

இரண்டாவது, கடன் செலுத்த இயலாமையைக் காரணம் காட்டி உயர் நீதிமன்றங்களில் தொடுத்து, எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு இன்னும் சார்வு செய்யப்படாத கலைப்பு மனுக்கள் தீர்ப்பாயத்திற்கு மாற்றப்பட்டன. புதிய சட்டத்திற்குத் தேவையான விவரங்களை மனுதாரர் தர வேண்டும். இறுதியாக நிர்ணயிக்கப்பட்ட 2017 ஜூலை 15க்குள் தராவிட்டால் மனு அற்றுப்போகும். அதன்பின் புதிதாக விண்ணப்பிக்கத் தடையில்லை என்று விதி சொன்னது. ஆனால் புதிய விண்ணப்பத்திற்குக் காலவரையறை என்ற மதிலைத் தாண்ட வேண்டும்.

அந்த மதில் எவ்வளவு உயரம் என்பதை இரண்டு தீர்ப்புகள் காட்டின. நொடிப்புச் சட்ட விண்ணப்பங்களுக்குக் காலவரையறைச் சட்டம் தொடக்கம் முதலே பொருந்தும். காலம் கடந்துபோன கடனுக்குப் புதிய சட்டம் உயிர் கொடுக்காது என்று பி.கே. எஜுகேஷனல் சர்வீசஸ் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு நீதிமன்றத்தில் வசூல் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதற்காகக் கலைப்பு நடவடிக்கைக்கான மூன்றாண்டுக் காலக்கெடு நின்றுவிடாது என்று ஜிக்னேஷ் ஷா வழக்கில் 2019இல் கூறியது. 'வழக்கு நடக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்' என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதே இவற்றின் பாடம்.

கான்பூர் சணல் ஆலை: ஒரே நிறுவனம், இரண்டு தீர்ப்புகள்

கான்பூரின் ஜுக்கிலால் கம்லாபத் சணல் ஆலை பலமுறை மூடித் திறந்து, கடைசியாக 2014 மார்ச்சில் மூடப்பட்டது. அந்நிறுவனத்தின்மீது சுரேந்திரா டிரேடிங் என்ற வணிக நிறுவனம் நொடிப்புச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தது. விண்ணப்பத்தில் இருந்த குறைகளை ஏழு நாட்களுக்குள் சரிசெய்யாததால் அது நீக்கப்பட வேண்டும் என்றது மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். உச்ச நீதிமன்றம் 2017 செப்டம்பரில் அதை ஏற்கவில்லை. ஏழு நாள் கெடு வழிகாட்டும் தன்மையது, கட்டாயத் தன்மையது அன்று. விண்ணப்பத்தை நீக்கினால் மீண்டும் புதியது தாக்கலாகும், அதனால் எந்தப் பயனும் இல்லை. தகுந்த காரணத்தைத் தாமதித்தவர் எழுத்தில் காட்ட வேண்டும் என்றது. பிர்க்கெட் வழக்கின் தர்க்கத்தோடு இது ஒத்துப்போவதைக் காணலாம்.

அதே ஆலையின் ஏறத்தாழ 3,000 தொழிலாளர்களுக்காக அவர்களின் சங்கமான ஜே.கே. ஜூட் மில் மஸ்தூர் மோர்ச்சா 2017 மார்ச்சில் நிலுவை கேட்டு அறிவிப்பு அனுப்பியது. சங்கம் 'கடன் கொடுத்தவர்' ஆகாது என்று கூறித் தீர்ப்பாயங்கள் கதவை மூடின. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைத் திறந்தது. தொழிற்சங்கம் தன் உறுப்பினர்களுக்காக விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு தொழிலாளியும் தனித்தனியே செலவழித்துத் தனித்தனி மனுச் செய்யும் சுமையைச் சுமத்துவது பொருளற்றது என்றது. 1982 தீர்ப்பில் கேட்கப்படும் உரிமை மட்டுமே கிடைத்தது. 2019இல் சங்கத்திற்குத் தொடுக்கும் உரிமையும் உறுதியானது.

ஆனால் 2020 மார்ச் 24 முதல், நொடிப்பு விண்ணப்பத்திற்கான குறைந்தபட்சக் கடன் தொகையை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாயாக ஒன்றிய அரசு உயர்த்தியது. தனியொரு தொழிலாளி இந்த வாசலை இனி நெருங்கவே முடியாது. சங்கமாகச் சேருவது இன்று சட்டப்படியும் கட்டாயமாகிவிட்டது.

24 மாதக் கணக்கின் சூழ்ச்சி

தாமதம் நேரடியாகப் பணத்தை விழுங்கும் இடம் இச்சட்டத்தின் 53ஆம் பிரிவு. கலைப்பு தொடங்கும் நாளுக்கு முந்தைய 24 மாதங்களுக்கான தொழிலாளர் நிலுவைக்கே பிணையம் பெற்ற கடனோடு சமநிலை உண்டு. 1985 திருத்தத்தில் இப்படியொரு மாத வரம்பு இல்லை.

கணக்கிட்டுப் பாருங்கள். 2014இல் மூடிய ஆலை ஒன்றின் கலைப்பு 2020இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரிவைச் சொல்லுக்குச் சொல் வாசித்தால், முன்னுரிமை பெறுவது 2018 முதல் 2020 வரையிலான காலம். அப்போது ஆலையே ஓடவில்லை. 2012லும் 2013லும் வேர்வை சிந்தியதற்கான கூலி, வரிசையில் வெகு கீழே உள்ள 'எஞ்சிய கடன்கள்' என்ற தட்டுக்குத் தள்ளப்படும். அங்கு வந்து சேரும்போது பெரும்பாலும் எதுவும் மிஞ்சியிராது. 2023இல் மோசர் பேர் தொழிலாளர் சங்க வழக்கில், நொடிப்புச் சட்டக் கலைப்புகளுக்கு 53ஆம் பிரிவின் வரிசையே பொருந்தும் என்ற ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

வழக்கை இழுத்தடிக்கும் ஒவ்வொரு வாய்தாவும் அந்த 24 மாதச் சாளரத்தை உழைத்த காலத்திலிருந்து விலக்கிக்கொண்டே போகிறது. வழக்கை இழுத்தவர் பிணையம் பெற்ற வங்கியாகவோ நிறுவனமாகவோ இருக்கலாம். இழப்பு தொழிலாளருக்கு.

ஒரு கதவு மட்டும் திறந்துள்ளது. வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றிலிருந்து தொழிலாளருக்குச் சேர வேண்டியவை கலைப்புச் சொத்தில் சேரா என்கிறது 36ஆம் பிரிவு. ஏ.பி.ஜி. கப்பல் கட்டும் நிறுவனம் தொடர்பான சுனில் குமார் ஜெயின் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. வங்கிகளோடு வரிசையில் நிற்க வேண்டிய பணமன்று இது.

தாமதத்திற்குச் சாதி உண்டா?

உண்டு. வழக்கு பழையதாகும்போது சாட்சியம் அழிகிறது. ஆவணம் வைத்திருப்பவருக்கு அந்த அழிவு சிறிது. நினைவை மட்டுமே வைத்திருப்பவருக்கு அது முழு இழப்பு. வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு ஆகியவை யாரிடம் இருக்கும் என்பதை ஆலைக்குள் நிலவிய சாதிப் படிநிலை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. பம்பாய் ஆலைகளில் கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவில் தலித் தொழிலாளர்கள் நுழைய முடியவில்லை. அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி இணைக்க வேண்டியிருந்ததால், தீட்டுப்படும் என்பது காரணம். 1928 வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இதை வெளிப்படையாக எழுப்பினார். இன்றும் தோல் பதனிடும் தொட்டியருகிலும், ஆலையின் கழிவுநீர்க் கால்வாயிலும், ஒப்பந்தத் துப்புரவிலும் நிற்பவர்களின் பெயர் பல நேரங்களில் நிறுவனத்தின் பதிவேட்டில் இருப்பதே இல்லை. ஒப்பந்தக்காரரின் நோட்டில் இருக்கும். அந்த நோட்டு காணாமல் போகும்.

கோலார் தங்கவயலை நினைவுகூர்வோம். அந்தச் சுரங்கங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்களில் பெரும்பான்மையோர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ் பேசும் தலித் மக்கள். பொதுத்துறை நிறுவனமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தைக் கலைக்கலாம் என்று நலிந்த நிறுவனங்களுக்கான வாரியம் 2000ஆம் ஆண்டில் கருத்துரைத்தது. 2001 மார்ச் 1 முதல் சுரங்கங்கள் மூடப்பட்டன. உலகளாவிய ஏலத்திற்கு வழிவிட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013 ஜூலையில். இடையில் கழிந்த 12 ஆண்டுகளில் இளைஞர்கள் பெங்களூருக்கு ரயிலேறிக் கூலிக்குப் போய்வரும் ஊராகத் தங்கவயல் மாறியது. சட்டத்தின் கோப்பில் அது 'நிலுவை' என்ற ஒரு சொல்.

செய்ய வேண்டியவை

ஆலையோ தொழிற்சாலையோ மூடப்படும் அறிகுறி தெரிந்ததும் களப்பணியாளர்களும் சட்ட மாணவர்களும் உடனே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில் ஆவணம். அடையாள அட்டை, வைப்பு நிதிக் கணக்கு எண், ஈ.எஸ்.ஐ. அட்டை, வங்கியில் கூலி வரவான பதிவு ஆகியவற்றின் நகல்களைச் சங்கம் திரட்டிப் பட்டியலிட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் பெயர்களையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும் என்ற கொள்கை 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இடம்பெற்றது.

இரண்டாவது காலக்கணக்கு. கூலி நின்ற நாளிலிருந்து மூன்றாண்டுகள் என்ற கெடுவை நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். வேறு மன்றத்தில் வழக்கு நடக்கிறது என்று ஓய்ந்திருக்கக் கூடாது. நிறுவனம் நிலுவையை ஒப்புக்கொண்ட கடிதம் ஏதேனும் கெடுவுக்குள் எழுதப்பட்டிருந்தால் அது பொன்போன்றது. அதன் நாளிலிருந்து புதிய கணக்குத் தொடங்கும்.

மூன்றாவது அறிவிப்பு. நொடிப்புச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பதற்கு முன் நிலுவை கேட்டு அறிவிப்பு அனுப்ப வேண்டும். நிறுவனம் பத்து நாட்களுக்குள், இந்தக் கடன் குறித்து முன்பே தகராறு உண்டு என்று காட்ட முயலும். ஆகவே கூலி விகிதமும் பாக்கி மாதங்களும் ஐயத்திற்கிடமின்றி எழுதப்பட வேண்டும்.

நான்காவது உரிமைகோரல். வேறு யாரோ தொடுத்த வழக்கில் நொடிப்பு நடவடிக்கை தொடங்கினாலும், பொது அறிவிப்பில் சொன்ன நாளுக்குள் தொழிலாளர் தம் கோரிக்கையைப் பதிய வேண்டும். ஒவ்வொருவரும் தனியே பதியலாம். அனைவருக்குமாக ஒரு பிரதிநிதியும் பதியலாம். வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் தனியே பிரித்துக் காட்டி, அவை கலைப்புச் சொத்தில் சேரா என்று எழுத்தில் கோர வேண்டும்.

ஐந்தாவது கண்காணிப்பு. வழக்குப் பட்டியல்கள் இன்று இணையத்தில் நாள்தோறும் வெளியாகின்றன. கைபேசியில் அவற்றைப் பார்க்கத் தெரிந்த ஒரு மாணவர், ஓர் ஆலைத் தொழிலாளர் சங்கத்திற்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு வாய்தாவையும் தெரிவிப்பதே. மனுதாரர் சமரசமாகி விலகும் நாளில் சங்கத்தின் வழக்குரைஞர் எழுந்து நின்று, 'எங்கள் நிலுவை இன்னும் தீரவில்லை' என்று பதிவுசெய்ய வேண்டும். சங்கத்தின் சொந்த விண்ணப்பமும் அதற்குள் தயாராக இருக்க வேண்டும்.

சட்ட அளவில் இரண்டு கோரிக்கைகளை நாம் முன்வைக்க வேண்டும். தொழிலாளர் நிலுவை உள்ள நிறுவனத்தின்மீதான மனு, தாமதத்திற்காகவோ சமரசத்தாலோ முடிக்கப்படுமுன் தொழிலாளருக்கு அறிவிப்பு கட்டாயமாக்கப்பட வேண்டும். 53ஆம் பிரிவின் 24 மாதங்கள், கலைப்பு தொடங்கிய நாளிலிருந்து அல்லாமல், ஆலை கடைசியாக இயங்கிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்பட வேண்டும். இவ்விரண்டையும் நாடாளுமன்றம் ஒரு சிறு திருத்தத்தால் செய்துவிட முடியும். அதுவரை, மூடப்பட்ட ஒவ்வோர் ஆலையின் வழக்கு எண்ணும் அதன் தொழிலாளர் குடியிருப்பில் யாரேனும் ஒருவரிடமாவது இருக்க வேண்டும்.